இரட்டை வீடும் ஒற்றை உலையும்

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த ஊர் மொகல் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்துகொண்டிருந்த கடிதமும் தந்தியும் அதற்கு முன்பே தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தன. பிறகு அற்றே போயின. 1941 டிசம்பர் 23 குண்டுவீச்சுக்குப் பின் கப்பலில் இடம் பிடித்தவர்கள் சென்னையிலோ கல்கத்தாவிலோ வந்து இறங்கினார்கள். இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலையைக் கடந்தும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' அலையில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. திருவாடானைச் சிறையை உடைத்து மக்கள் விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். கடல் தாண்டி ஒரு கலவரம், கூப்பிடு தூரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்த ஆச்சிமார், அதாவது செட்டியார் வீட்டுப் பெண்கள், உண்டு.

அவர்களைப் பற்றிப் பேசினால் ஒன்று பேய் பங்களாக் கதையாகும், இல்லாவிட்டால் தியாகத்தின் திருவுருவம் ஆகும். இரண்டிலும் அந்த வீட்டில் ஓர் ஆள் எப்படிக் காலம் தள்ளினார் என்ற விவரம் இருக்காது. எங்கே படுத்தார், தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஐப்பசி மழையில் கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிட்டார்? இதையெல்லாம் கேட்டுப் பார்த்தால்தான் ஒன்று தெரியும். அறுபது அறை வீடு என்று வெளியாள் மலைத்துப் பார்ப்பது, உள்ளே ஒற்றை ஆளுக்கும் ஒத்துவரும்படி கட்டப்பட்ட வீடு.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கல்யாணத்துக்குப் பின் பெற்றோர் அவர்களை 'வேறு வைப்பார்கள்'. அதாவது அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று கணக்குப் பேசி ஒதுக்கிவிடுவது. வளவு என்னும் உள்கட்டின் முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் இரட்டை வீடுகளில் ஒன்று அந்தப் புள்ளிக்கு. வெளியறை ஒன்று, அதற்குள் உள்ளறை ஒன்று. உள்ளறைக்கு ஜன்னல் இராது. சீர்ச் சாமானும் நகையும் பத்திரமும் அங்கே. உண்மையில் யாரும் அந்த அறைகளுக்குள் குடியிருக்கவில்லை. படுப்பதும் உட்காருவதும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், சமையல் பின்கட்டில். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை வைத்த ஊர் இது. எட்டுப் புள்ளியில் ஏழு புள்ளி வெளியூர் போனாலும் எட்டாவது உலை கொதிப்பதற்கு ஒரு தடையும் இல்லை.

காத்திருப்பதும் புதிதல்ல. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்த, போன ஏஜெண்டுக்கு மூன்று வருடக் கணக்கு. அது முடிந்துதான் ஊர் திரும்புவார். மூன்று வருடம் தனியாக வீட்டை நடத்தப் பழகிய பெண்களுக்கு 1942இல் மாறியது ஒன்றுதான்: திரும்பும் தேதி தெரியவில்லை. கூடவே வட்டி வரவும் நின்றது. பெண்களின் சீதனப் பணம் பெரும்பாலும் கடையிலேயே வட்டிக்குக் கிடந்தது. கடை போனால் அதுவும் போயிற்று.

கடை போனதும் ஒரே நாளில் நடந்ததில்லை. 1930இல் நெல் விலை விழுந்ததும் பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் 6 சதவீத நெல் நிலம் அவர்களிடம் இருந்தது. 1938இல் 25 சதவீதம். பெட்டியில் இருக்க வேண்டிய ரொக்கமெல்லாம் வயலாக மாறிக் கிடந்தது. அந்த வயலை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 1948இல் பர்மா சுதந்திரம் பெற்ற கையோடு நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மிச்சம் மீதி இருந்தவர்களும் கப்பலேறினார்கள். ஆக, ஒரு வீட்டுக்குள் ஓர் ஆச்சியின் தனிமை 1942இல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் நீண்டிருக்க முடியும்.

இனி வீட்டு வேலை. இன்றைக்கும் பெரிய வீட்டில் ஒற்றையாளாக இருக்கும் வயதானவர்களுக்கும், காவலுக்கு இருக்கும் குடும்பங்களுக்கும் இதே வேலைதான்.

முதல் எதிரி கூரை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. திருடன், கரையான், வௌவால் எல்லாம் பிறகுதான். செட்டிநாட்டுக் கூரையில் கையால் செய்த நாட்டு ஓடு, அரைவட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அந்த அடுக்குத்தான் வெயிலைத் தடுக்கிறது. அதற்கு ஆணியும் இல்லை, சாந்தும் இல்லை. சொந்த எடையில் உட்கார்ந்திருக்கிறது. எனவே குரங்கு ஒரு முறை ஓடினால் பத்து ஓடு நகரும், பூனை சண்டை போட்டால் நாலு சரியும். ஓடு உடைந்தால் கீழே சத்தம் கேட்கும். நகர்ந்தால் கேட்காது. நகர்ந்த ஓடுதான் வீட்டைக் கெடுப்பது.

எங்கே பார்க்க வேண்டும் என்றால், முற்றத்தின் நான்கு மூலைகளில். இரண்டு பக்கக் கூரைகள் சரிந்து வந்து கூடும் இடம் அது. இரண்டு சரிவின் தண்ணீரும் அந்த ஒரே ஓடையில் இறங்கும். ஓடைக்கு அடியில் தகரம் போட்டிருப்பார்கள். வேப்பஞ்சருகும் புறாக் கழிவும் அதில் சேர்ந்து ஈரத்தோடு ஊறும். தகரம் அரித்து ஊசி முனை அளவு ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு நேர் கீழே தேக்குச் சட்டம். பர்மாத் தேக்கு ஆயிற்றே என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. தேக்கு நனைந்து காய்ந்தால் தாங்கும். நனைந்தபடியே இருந்தால் தாங்காது. வெளியில் மெருகு மாறாமல் இருக்க, உள்ளே பஞ்சாகும். ஆள் ஏறிப் பார்க்க முடியாத வயதில் கீழிருந்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மழை விட்டு இரண்டு நாள் கழித்து, காலை வெயிலில், மூலைச் சட்டத்தின் அடிப்பக்கம் மற்ற இடத்தைவிடக் கறுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் நீளக் கம்பால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பயமில்லை. பொத்தென்று கேட்டால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

ஓடு மாற்றும்போது முழுக்கூரையையும் ஒரே தடவையில் பிரிக்க விடக் கூடாது. ஒரு பக்கம் பிரித்து, ஓட்டைத் தட்டி, கழுவி, உடைந்ததை ஒதுக்கி, நல்லதைத் திருப்பி அடுக்கிய பிறகுதான் அடுத்த பக்கம். உடைசல் ஈடுகட்டப் புது நாட்டு ஓடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வளைவும் அளவும் பொருந்துவதில்லை. அதனால் பழைய ஓட்டைப் பின்கட்டுச் சரிவிலிருந்து எடுத்து முன்கட்டுக்குப் போடுவார்கள். பின்கட்டுக்கு மங்களூர் ஓடு. பார்வைக்கு ஒட்டுப்போட்டதுபோல இருக்கும், இருக்கட்டும். ஓட்டுக்கு மேல் சிமெண்ட் பூசுவதுதான் பெரும் தவறு. எடை கூடும், விரிசல் விடும், அந்த விரிசலில் இறங்கும் தண்ணீர் காயவே காயாது.

சுவருக்கு வந்தால், செட்டிநாட்டுப் பூச்சு சுண்ணாம்பும் மணலும், அதற்கு மேல் நைசாக அரைத்த சுண்ணாம்பு, கடைசி மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்று பல அடுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் கலந்து அரைப்பார்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும் அதைத் துடைக்க வெறும் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் போதும். சோப்பு, ஆசிட் எதுவும் ஆகாது. கீழே முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் பூக்கும். மறுபடி சிமெண்ட், மறுபடி மேலே. முற்றத்துச் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தால் பாதிச் சுவர் தானாகக் காயும்.

அந்தச் சாக்கடை பற்றி இரண்டு வார்த்தை. முற்றத்து மூலையில் துளை போட்ட கல் ஒன்று இருக்கும். அதைத் தூக்கினால் மழைத் தண்ணீர் போகும் மூடிய கால்வாய், வீட்டைக் கடந்து தெரு வாய்க்காலுக்கு, அங்கிருந்து ஊருணிக்கு. ஆவணியில் அந்தக் கல்லைத் தூக்கி, நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, தெருப் பக்கம் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், அல்லது சொட்டுச் சொட்டாக வந்தால், மழைக்கு முன் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தி எடுத்தாக வேண்டும். தெருவில் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்ட ஊர்களில் வாய்க்கால் வாயே புதைந்து கிடக்கும். அப்போது குத்திப் பயனில்லை. தெருப் பக்கம் தோண்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் முழுத் தனிமை சாத்தியமில்லாமல் போனது. கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர், குடிக்க ஊருணிதான். வெளியே தலைகாட்டாத ஆச்சிக்கும் தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள் தினம் வந்தாக வேண்டும். ஊர்ச் செய்தியும் அவளோடுதான் வரும். மழைக்காலத்தில் மட்டும் வீடே தண்ணீர் தரும். கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 100 லிட்டர். முற்றத்தை நோக்கிச் சரியும் கூரை 200 சதுர மீட்டர் என்று வைத்தால், 50 மில்லிமீட்டர் பெய்த ஒரே இரவில் 10,000 லிட்டர். ஓர் ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 7 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 2,555 லிட்டர்தான். கையில் இருப்பது கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாக்கள். 150 லிட்டர் பிடிக்கும் அண்டா ஏறத்தாழ பதினேழு வேண்டும். பெரிய வீட்டில் பதினேழு அண்டா என்பது பெரிய விஷயமே இல்லை. பருவத்தின் முதல் இரண்டு மழையைப் பிடிக்கக் கூடாது. கூரையின் தூசியும் எச்சமும் அதில் வரும். மூன்றாவது மழையில், பெய்யத் தொடங்கி அரை மணி கழித்து, தூம்புக்கு நேரே அண்டாவை வைத்து வாயில் நாலாக மடித்த வேட்டியைக் கட்ட வேண்டும். நிரம்பியதும் இருட்டறைக்குள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், மூடாவிட்டால் கொசு.

அரிசிப் பஞ்சம்தான் அந்த ஆண்டுகளின் நிஜமான கஷ்டம். பர்மா அரிசி வரத்து நின்று, பிறகு ரேஷன் வந்தது. நாளைக்கு 250 கிராம் சாப்பிடும் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 91 கிலோ அரிசி. அதை அரிசியாக வைத்தால் வண்டு விழும். நெல்லாக வைத்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குத்திக்கொள்வதுதான் விவரமானவர்கள் செய்தது. இன்றைக்கு அரிசியாகத்தான் வாங்க முடியும் என்றால் நிழலில் உலர்ந்த வேப்பிலை, ஒரு துண்டு வசம்பு, பத்துக் காய்ந்த மிளகாய் போட்டு இறுக்கி மூடலாம்.

காய்க்கு வத்தல். பங்குனியிலிருந்து வைகாசி வரை முற்றத்து வெயிலில் நடக்கும் காரியம் இது. ஒரு கிலோ கத்தரிக்காயை நாலாக வகுந்து, உப்பும் மஞ்சளும் கொஞ்சம் புளியும் கரைத்த தண்ணீரில் பாதி வேக்காட்டில் எடுத்து வடித்து, நாலைந்து நாள் காய வைத்தால் 100 கிராம் அளவுக்குச் சுண்டும். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக் கூடாது. ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் நடுவில் ஈரம் இருக்கிறது, ஆடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மாவத்தலும் சுண்டைக்காயும் இப்படியே, மாங்காய்க்கு வேக்காடு வேண்டாம், உப்பு மட்டும்.

இதை வைத்துச் செய்யும் மண்டி தனியாள் சமையலுக்கென்றே பிறந்த பதார்த்தம் என்பேன். அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரில் இரண்டு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். மாவத்தல் நாலு துண்டை வெந்நீரில் அரை மணி ஊற விடுங்கள். நல்லெண்ணெய் இரண்டு கரண்டியில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், கீறிய பச்சை மிளகாய் மூன்று வதக்கி, முதல்நாளே ஊறி வெந்த மொச்சை ஒரு கைப்பிடியும் வத்தலும் போட்டு, களைநீர் விட்டுக் கொதிக்க விடுங்கள். வத்தல் மெத்தென்று ஆன பிறகுதான் நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். முன்னாலேயே புளி விட்டால் எத்தனை நேரம் எரித்தாலும் வத்தல் வேகாது. சுண்டி எண்ணெய் மிதந்தால் இறக்கிக் கல்சட்டியில் வைக்கலாம். காலையும் மாலையும் சூடு காட்டினால் இரண்டு நாள் நிற்கும். ஈயம் போன பித்தளைச் சட்டியில் மட்டும் வைக்காதீர்கள், புளி களிம்பைக் கிளப்பிவிடும்.

பின்கட்டு அடுப்படி தூரம் என்று அடுப்பை வளவுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். விறகடுப்பென்றால் ஒரே பருவத்தில் முட்டைப் பூச்சு மஞ்சளடித்துவிடும், துடைத்தாலும் போகாது. கேஸ் அடுப்பென்றால் பரவாயில்லை; இரண்டாம் கட்டில் காற்று வரும் இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டு மூன்றாம் கட்டைப் பூட்டிவிடலாம். நடை குறைந்தால் விழுவதும் குறையும். முற்றத்துக் கல்லில் மழைக்காலப் பாசி எலும்பை முறிப்பது. கல் உப்பும் தேங்காய் நாரும் போட்டு வாரம் ஒரு முறை தேய்க்க வேண்டும்.

பூட்டிய கட்டையும் பூட்டியபடியே விடக் கூடாது. இந்த வீடுகளில் வாசலுக்கு நேர் வாசலாகக் கதவுகள் கடைசிக் கட்டு வரை ஒரே கோட்டில் இருப்பது காற்றுக்காகத்தான். வாரத்தில் ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, எல்லாக் கதவையும் திறந்தால் போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் சுவரோரமாக நடந்து கரையான் மண்தடம் பார்க்கலாம். நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தில் விரல் தடிமனுக்குப் புதுமண் ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு மறுவாரம் திரும்பப் பாருங்கள். மறுபடி ஏறியிருந்தால் மருந்து. பர்மாக் கணக்குகள், ஐந்தொகை, அடமானப் பத்திரம் எல்லாம் இன்னும் பல வீடுகளில் பெட்டியில் கிடக்கின்றன. பணமாக அவற்றுக்கு மதிப்பில்லை, வரலாற்றுக்கு உண்டு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

பழைய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு வருடத்தில் அது தூசியோடு சேர்ந்து பிசினாகி, சாவி உள்ளே போகும், திரும்பாது. மறுபடி பலம் கொடுத்தால் காதோடு முறியும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அல்லது பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டு எடுத்தால் போதும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மரச் சட்டத்தில் துணி சுற்றிய பழைய வயர் ஓடும் கட்டுகளுக்கு இணைப்பையே துண்டித்துவிட்டு, ஆள் இருக்கும் பகுதிக்கு மட்டும் புதுக் குழாயில் தனி லைன் இழுத்து, மின்கசிவுத் தடுப்பான் ஒன்று மாட்டிவிடுங்கள்.

இத்தனையும் ஓர் ஆளால் முடிகிறது. முடியாமல் போவது பங்கு விஷயம். வீடு இருபது, முப்பது பங்காளிகளுக்குச் சேர்ந்தது. ஒவ்வொரு இரட்டை வீட்டுக்கும் ஒரு பூட்டு. சாவி சென்னையில், கோலாலம்பூரில், எங்கோ. உள்ளே இருக்கும் ஒருவர் கண்முன்னே பூட்டிய அறைக்குள் தண்ணீர் இறங்கும், சுவர் தன் பக்கமும் நனையும், திறக்க முடியாது. கூரை யார் செலவு என்று முடிவாவதற்குள் இரண்டு மழைக்காலம் போகும். அப்படி ஒரு நிலையில்தான் தூண் வாங்கும் ஆட்கள் வாசலுக்கு வருகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும் நிலைகளும் தூண்களும் இப்படி வெளியேறியவையே. பாத்திரம், பீங்கான், நாற்காலி விற்பது அவரவர் விருப்பம். தாழ்வாரத்துத் தூண் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் செங்கல் தூண் கட்டித் தருகிறேன் என்பவரை மட்டும் உள்ளே விடாதீர்கள். மேலே உத்தரம் பல வருடமாக அந்தத் தூணின் உயரத்துக்கு இறங்கிப் படிந்திருக்கும். முட்டுக் கொடுத்துத் தூக்கி வேறு தூண் வைத்தால் அரை அங்குலம் மாறினாலும் ஓட்டு வரிசை முழுக்க நெளியும், ஒழுக்கு அங்கிருந்து தொடங்கும்.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்து கூடும் நாளில் சாவி விஷயத்தைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு புள்ளியும் மறுசாவி ஒன்றைத் தகட்டில் எண் பொறித்து, வீட்டில் இருப்பவரிடம் கொடுக்கட்டும். மழையில் மட்டும் திறக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டால் சந்தேகமும் வராது. உள்ளறைக்கு மறுசாவி கேட்க வேண்டாம், கொடுக்க மாட்டார்கள். வெளியறை திறந்தாலே கூரை நிலவரம் தெரியும். கூரைக்கென்று புள்ளிக்கு இவ்வளவு என்று அன்றே வசூலித்து வைத்தால், ஆடியில் ஓட்டுக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். புரட்டாசி பிறந்துவிட்டால் அவர் கிடைக்க மாட்டார்.